சிறுநீர்ப்பைக்கு ஒரு கடிகாரம்: தண்டுவட அடிக்குப் பின் எழும் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைச் சுற்றுகின்றன. மரத்திலிருந்து விழுந்தவர், பைக்கில் அடிபட்டவர், சாரத்திலிருந்து சரிந்தவர் என்று காரணம் மட்டும் வேறு. தண்டுவடத்தில் அடி; கால் அசையவில்லை; சிறுநீர் தன் இஷ்டத்துக்குப் போகிறது, அல்லது போகவே மறுக்கிறது. வீட்டார் "எப்போது நடப்பார்?" என்று கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது, "ஒரு தடவைக்கு எத்தனை மி.லி. வருகிறது?" என்று. கல்நெஞ்சக்காரன் என்று நினைக்காதீர்கள்.

"என் கணவருக்கு 34 வயது. ஐந்து மாதம் முன்பு புளி உலுக்கும்போது மரத்திலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழ் உணர்ச்சி இல்லை. குழாயை எடுத்தபின் அடிவயிற்றை அமுக்கிச் சிறுநீர் எடுக்கிறோம். நன்றாகத்தான் வருகிறது. இப்படியே தொடரலாமா?"
– குடியாத்தம் வாசகி

வேண்டாம் அம்மா. நன்றாக வருகிறது என்பது சரி. எவ்வளவு அழுத்தத்தில் வருகிறது என்பது உங்கள் கைக்குத் தெரியாது. சிறுநீர்ப்பை சுருங்கும்போது அதன் வாய்த்தசை தளர வேண்டும். இரண்டையும் இசைவாக நடத்துவது மூளை. தண்டுவடத்தில் அந்த வழி அறுந்துவிட்டால் பை சுருங்கும் நேரத்திலேயே வாயும் இறுகும். மேலிருந்து நீங்களும் அமுக்கினால் சிறுநீர் வந்த வழியே சிறுநீரகத்தை நோக்கி ஏறலாம். பைக்குள் அழுத்தம் 40 செ.மீ. உயரத் தண்ணீர் தரும் அளவைத் தாண்டி நீடித்தால் சிறுநீரகம் வீங்கத் தொடங்கும். வலிக்காதா என்றால், வலியைச் சொல்ல வேண்டிய நரம்புதான் போய்விட்டதே.

அவருக்கு உகந்தது, வேளை தவறாமல் மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறுநீரை வடித்துவிட்டு உடனே எடுத்துவிடும் முறை. நாளுக்கு 4 முதல் 6 தடவை. ஒரு தடவைக்கு 400 மி.லி.யைச் சுற்றி வந்தால் நல்லது, 500 மி.லி.யைத் தாண்டினால் இடைவெளியைக் குறையுங்கள். அறுவை அரங்கு போன்ற சுத்தம் இல்லாவிட்டால் கிருமி ஏறிவிடும் என்று ஒரு காலத்தில் பயந்தார்கள். சோப்புப் போட்டுக் கழுவிய கையே போதும் என்று 1972-இல் அமெரிக்க மருத்துவர் லாபிடெஸ் காட்டினார். நிறைந்து விம்மும் பைதான் கிருமிக்குக் கொண்டாட்டம். கை நன்றாக வேலை செய்வதால் உங்கள் கணவரே இதைச் செய்துகொள்ளலாம். முதல் நாள் கூசும், பழகிவிடும். நீங்கள் அருகில் நின்றால் போதும், அவருக்காக நீங்களே செய்து பழக்கிவிடாதீர்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். மாற்று வழியைக் கற்றுக்கொள்ளாமல் அமுக்குவதை மட்டும் நிறுத்தினால் பை நிரம்பிப் போகும். இந்த வாரமே போய்க் கற்றுக்கொள்ளுங்கள். பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் பரிசோதனையையும் கேளுங்கள். முதுகின் அடிப்பகுதி நரம்புகளில் அடிபட்டவருக்குப் பை தளர்ந்தே கிடக்கும், மேலே அடிபட்டவருக்கு முறுக்கிக்கொள்ளும். இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல.

"சிறுநீர் கலங்கலாக, நாற்றத்தோடு வரும்போதெல்லாம் மருந்துக் கடையில் ஐந்து நாள் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். சரியாகிறது, மறுபடி வருகிறது."
– அணைக்கட்டு வாசகர்

மறுபடி வரத்தான் செய்யும். குழாய் போட்டுக்கொள்பவரின் சிறுநீரில் கிருமி இருப்பது வழக்கம். இருக்கிறது என்பதற்காக அதை விரட்டத் தேவையில்லை. காய்ச்சல், குளிர் நடுக்கம், காலில் திடீரென்று கூடும் இழுப்பு, வழக்கத்துக்கு மாறான ஒழுக்கு, காரணமில்லாத சோர்வு ஆகியவற்றில் ஏதாவது சேர்ந்தால்தான் அது நோய். வெறும் கலங்கலுக்கு மாத்திரை விழுங்கினால் எளிய கிருமி சாகும், முரட்டுக் கிருமி தங்கும். நிஜமாகவே காய்ச்சல் வரும் நாளில் மாத்திரை கேட்காது. அப்போது எந்தக் கிருமி என்று காட்டும் கல்ச்சர் பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுத்துவிட்டு மருந்தைத் தொடங்குங்கள். நிரந்தரக் குழாய் உள்ளவர்கள் வெளியே தொங்கும் சேகரிப்புப் பையில் தேங்கியதைக் கொடுக்கக் கூடாது. பழைய குழாயை மாற்றிப் புதியதிலிருந்து பிடித்துக் கொடுக்க வேண்டும்.

"மகனுக்குக் கழுத்தில் அடி. சில நாள் திடீரென்று மண்டை பிளக்கும் வலி, முகமெல்லாம் வியர்வை. பிரஷர் 150 இருந்தது. வெயில் சூடு என்கிறார்கள்."
– ஆற்காடு, ஒரு தாய்

அம்மா, இதை முதலில் படியுங்கள். வேலூர் வெயில் மேல் எதையும் சுமத்தலாம், இதைச் சுமத்த முடியாது. மார்புப் பகுதி முதுகெலும்பில் ஆறாவது எலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு, கீழே ஏதாவது உறுத்தினால் பிரஷர் கட்டுமீறி ஏறும். பெரும்பாலும் காரணம் நிரம்பிய சிறுநீர்ப்பை, மடங்கிப்போன குழாய். அடுத்தது மலச்சிக்கல். கழுத்தடி பட்டவரின் வழக்கமான மேல் அளவே 90 அல்லது 100தான் இருக்கும். அவருக்கு 150 என்பது "கொஞ்சம் அதிகம்" ஆகாது, ஆபத்து.

படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடுங்கள். இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். குழாய் மடங்கியிருக்கிறதா, சேகரிப்புப் பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். குழாய் இல்லாதவருக்கு உடனே சிறுநீரை வடியுங்கள். அடங்கவில்லையென்றால் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். "கழுத்தில் தண்டுவட அடி, வழக்கமான பிரஷர் இவ்வளவு" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அதை ஒரு சீட்டில் எழுதி அவர் சட்டைப் பையில் வைப்பது இன்னும் நல்லது.

"ஷூ கம்பெனியில் உட்கார்ந்து செய்யும் வேலை. கழிப்பறைக்குச் சக்கர நாற்காலி நுழையாது. அதனால் மாலைவரை தண்ணீர் குடிப்பதில்லை."
– ஆம்பூர் வாசகர்

தம்பி, குறை உங்கள் மீது இல்லை, அந்தக் கதவின் மீது. ஆனாலும் விலை கொடுப்பது உங்கள் சிறுநீரகம். கத்திரி வெயிலில் எட்டு மணி நேரம் தண்ணீர் இல்லாமல் இருந்தால் சிறுநீர் கெட்டியாகிக் கல் கட்டும். ஒரேயடியாக ஒரு செம்பு குடிக்காமல் மணிக்கு ஒரு டம்ளர் என்று பிரித்துக் குடியுங்கள். சாதாரண நாளில் 2 லிட்டர், வியர்க்கும் நாளில் கூடுதல், இரவு ஏழுக்குப் பின் குறைவு. பகலில் ஒரு திரைமறைவு கிடைத்தாலும் நாற்காலியில் இருந்தபடியே குழாயால் சேகரிப்புப் பைக்குள் வடித்துவிடலாம். மேலாளரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. உங்களுக்குக் கதவை அகலமாக்கித் தருவது அவர் கடமை.

"கல்லுக்கு வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம்?"
– வாலாஜாபேட்டை

குழாய் உள்ளவர்களுக்கு வரும் கல் பெரும்பாலும் கிருமி கட்டிய கல். அது சாற்றில் கரையாது. வாழைத்தண்டைப் பொரியலாகச் சாப்பிடுங்கள், கல்லுக்கு ஸ்கேன் எடுங்கள்.

"இந்த நோயில் கிட்னி போய் ஆயுள் குறையும் என்கிறார்களே, உண்மையா?"
– வேலூர், பெயர் வேண்டாம்

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு உண்மையாக இருந்தது. தண்டுவடம் அடிபட்டவர்கள் சிறுநீரகம் கெட்டும் படுக்கைப் புண்ணாலும் இறந்தார்கள். இப்போது அப்படி இல்லை. நம் ஊரிலேயே சான்று உண்டு. 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்தார். வேலூர் பாகாயத்து மறுவாழ்வு நிலையம் 1966-இல் உருவானது அவர் முயற்சியில்தான். விபத்துக்குப் பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

"கிரியேட்டினின் 0.9. நார்மல் என்று அறிக்கை சொல்கிறது. ஸ்கேன் வேண்டுமா?"
– காட்பாடி வாசகர்

வேண்டும். கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு; சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் அது ஏறும். உங்கள் கால் தசை மெலிந்துவிட்டதால் அது குறைவாகத்தான் காட்டும். சிறுநீரகம் சரியும்போதும் அறிக்கை "நார்மல்" என்றே சொல்லலாம். போன வருடம் 0.5 இருந்து இப்போது 0.9 என்றால் எனக்குத் தூக்கம் வராது. பழைய அறிக்கைகளைத் தேடி எடுங்கள். சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனை தசையை அவ்வளவாகச் சாராது. மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். அல்ட்ராசவுண்ட் வருடம் ஒரு முறை. போகும்போது மூன்று நாள் கணக்கு எழுதிய நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்: எத்தனை மணிக்கு, எத்தனை மி.லி., நடுவில் ஒழுகியதா. பல நேரம் ஸ்கேன் படத்துக்கு முன்பே அந்த நோட்டு எனக்கு விஷயத்தைச் சொல்லிவிடும்.