டெக்கன்ல எலக்ட்ரிக் குத்து வராததுக்கு டிவி காரணம் இல்ல தம்பி

மஞ்சக்குப்பத்துலருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணா, டெக்கன் 7ல கஸூயா எடுத்து ஆடுறேன், எலக்ட்ரிக் பத்து தடவைக்கு ஒரு தடவதான் வருது, டிவி லேக் ஆவுது, மாத்துனாதான் வரும்னு மாமா பையன் சொல்றான், மாத்தணுமா?"

வேணாம் தம்பி, காசை செலவு பண்ணாத. தெரியாதவங்களுக்கு: டெக்கன் ஒரு சண்டை கேம், கஸூயா அதுல ஒரு ஆளு, எலக்ட்ரிக்ங்கிறது அவனோட விண்ட் காட் ஃபிஸ்ட்ங்கிற குத்தோட மின்னலடிக்கிற வகை. முன்னாடி தட்டு, விரல தூக்கு, கீழ, அப்புறம் கீழ்-முன் மூலை கூட ட்ரையாங்கிள் பட்டன், சாதா விண்ட் காட் ஃபிஸ்ட்டுக்கும் எலக்ட்ரிக்குக்கும் இதேதான் கமாண்ட். ஒரே வித்தியாசம், எலக்ட்ரிக் வரணும்னா அந்த மூலையும் ட்ரையாங்கிளும் ஒரே ப்ரேம்ல (திரைல ஓடுற ஒரே ஒரு படத்துல) விழணும், கேம் செகண்டுக்கு 60 ப்ரேம் ஓடுது, அப்ப உனக்கு கெடைக்கிறது 60ல ஒரு பங்கு செகண்ட். ரெண்டு கை தட்டுனாதான் ஓசைன்னு சொல்வாங்கல்ல, இங்க ரெண்டு கட்டைவிரலும் சேந்து தட்டுனாதான் அந்த நீல மின்னல் வரும்.

இந்த ரெண்டு அழுத்தலுக்கும் நடுவுல இருக்குற இடைவெளிய பாக்குறது கன்சோல், டிவி இல்ல. டிவி லேட்டா காட்டுனா ரெண்டையும் சேத்துதான் லேட்டா காட்டும், இடைவெளி மாறாது. எதிராளி அடிக்கிறத பாத்து திருப்பி அடிக்கிற எடத்துலதான் லேக் உதைக்கும், அதுக்கு டிவில லேக்க கொறைக்கிற கேம் மோட் இருந்தா போட்டு விடு, போதும்.

இவ்ளோ கஷ்டப்படணுமான்னா, கண்டிப்பா படணும். சாதா அடிய எதிராளி ப்ளாக் பண்ணா அடுத்து அசையுறதுல நீ 10 ப்ரேம் பின்தங்கிடுவ, ஒரு ஜாப் (வேகமான சின்ன குத்து) வாங்கியே தீரணும். எலக்ட்ரிக்க ப்ளாக் பண்ணாலும் நீதான் 5 ப்ரேம் முன்னாடி, பட்டுச்சுன்னா ஆள் மேல தூக்கி எறியப்பட்டு முழு காம்போ (விடாம தொடர் அடி) உனக்கு.

ப்ராக்டிஸ் மோட்ல போய் நீ அழுத்துறது ஸ்க்ரீன்ல வரிசையா தெரியுற மாதிரி ஆன் பண்ணு. மூலை அம்புக்குறி தனியா ஒரு வரில வந்து, அடுத்த வரில ட்ரையாங்கிள் வந்தா நீ லேட், கீழ் அம்புக்குறியோடவே ட்ரையாங்கிள் வந்துட்டா அவசரப்பட்டுட்ட. முக்காவாசி பேரு லேட்தான், ஏன்னா மொத்த கமாண்டையும் வேகமா தேய்க்கணும்னு நெனச்சு ட்ரையாங்கிள் அழுத்துறதுக்கு முன்னாடியே மூலைக்கு ஓடிடுறாங்க. முத்தியால்பேட்டை கேம் கடையில பிஎஸ்2ல டெக்கன் 5 ஆடுன காலத்துல நானும் அப்படித்தான் தேய்ச்சேன், முன்ன-கீழ வரைக்கும் கொஞ்சம் நிதானமா வந்து கடைசில மட்டும் சேத்து தட்ட ஆரம்பிச்சப்புறம்தான் கை புடிபட்டுச்சு. ஒரு பக்கம் தொடர்ந்து 10 வந்தப்புறம் மறுபக்கம் திரும்பி பழகு, வலது பக்கம் நின்னா முன்னாடிங்கிறது இடது பக்கமா மாறிடும், அத விட்டுடாத.

இன்னொன்னு, எலக்ட்ரிக் மேல் அடி, மாமா பையன் குனிஞ்சான்னா தலைக்கு மேல போயிடும். குனியுறான்னு தெரிஞ்சா அதே க்ரவுச் டாஷ்லருந்து (முன், கீழ, மூலைன்னு குனிஞ்சு பாயுற அசைவு) மிட் அடி, அதாவது குனிஞ்சவனுக்கும் படுற நடு அடி குடு, குனியாம நிக்கிறான்னா ஹெல் ஸ்வீப்ங்கிற கீழ் அடியால கால வாரு, ஆனா அத ப்ளாக் பண்ணிட்டான்னா நீ காத்துல பறப்ப, அளவாதான் போடணும்.