லண்டனில் இருந்து நியூயார்க் போக 8 மணி நேரம், திரும்பி வர 7 மணி நேரம்தான். தூரம் ஒன்றுதானே, ஏன் இந்த வித்தியாசம்?

இரண்டு நகரங்களுக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறக்குறைய 5,550 கிலோமீட்டர். அது மாறுவதில்லை, மாறுவது காற்று.

சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓர் ஆறு போலக் காற்று ஓடுகிறது. இதற்கு ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். வடக்கே குளிர்ந்த காற்றும் தெற்கே வெப்பக் காற்றும் சந்திக்கும் இடத்தில் இது உருவாகிறது. அதனால் குளிர்காலத்தில் இன்னும் வலுவாக வீசும்; சில நாட்களில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும்.

எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். போகும்போது தொடை வலிக்கும். வரும்போது மிதிக்காமலே வண்டி ஓடும். அப்படித்தான் நியூயார்க்கிலிருந்து லண்டன் வரும் விமானமும். 2020 பிப்ரவரியில், புயல் நேரத்தில், ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் இந்தத் தூரத்தை 5 மணி நேரத்துக்கும் குறைவாகக் கடந்தது!

சரி, லண்டனிலிருந்து நியூயார்க் போகும் டிக்கெட்டில் காலை 11 மணிக்குக் கிளம்பி மதியம் 2 மணிக்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறதே? அது அந்தந்த ஊர் நேரம். நியூயார்க் கடிகாரம் பெரும்பாலும் 5 மணி நேரம் பின்தங்கியிருக்கும். அதைக் கூட்டினால் 8 வந்துவிடும்.

அப்புறம், பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் மேற்கே போகும் விமானம்தான் சீக்கிரம் சேர வேண்டும் என்று பலர் வாதிடுவார்கள். ஆனால் காற்றுமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் அந்தக் கணக்கு இங்கே செல்லாது.