துணைப்பாட வகுப்பு உண்மையில் பலன் தந்ததா?

கேள்வி: சமூக மன்றத்தில் தொடக்கநிலை 5 பிள்ளைகள் 30 பேருக்குக் கணிதத் துணைப்பாடம் நடத்தினோம். சராசரி 42இலிருந்து 51 ஆனது. வகுப்பின் பலன்தானே?

இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களைத்தான் சேர்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருவர் அன்று காய்ச்சலோடு எழுதியிருக்கலாம், இன்னொருவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டாமலே விட்டிருக்கலாம். வகுப்பே இல்லாவிட்டாலும் அடுத்த முறை சற்று ஏறியிருப்பார்கள். பள்ளியிலும் பாடம் நடந்துகொண்டுதானே இருந்தது.

ஆக, ஒப்பீட்டுக் குழு, அதாவது வகுப்பில் சேராத அதே மாதிரிப் பிள்ளைகள், அவசியம். 30 இடத்துக்கு 60 பேர் விண்ணப்பித்தால் சீட்டுக் குலுக்குங்கள். முந்தி வந்தவருக்கு இடம் கொடுத்தால் அக்கறையுள்ள பெற்றோரின் பிள்ளைகளே ஒரு பக்கம் சேர்ந்துவிடுவார்கள். குலுக்கலில் இடம் கிடைக்காதவர்களே ஒப்பீட்டுக் குழு; அவர்களுக்கு அடுத்த பருவத்தில் இடம் கொடுங்கள், அதுதான் நியாயம். குலுக்கலுக்கு முன்பும் பருவ முடிவிலும் இரு குழுவுக்கும் ஒரே தேர்வு வையுங்கள். திருத்துபவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியக்கூடாது.

பலர் சறுக்குவது கணக்கிடும்போது. மூன்றே வாரத்தில் நின்றுவிட்ட பிள்ளையையும் வகுப்புக் குழுவிலேயே வைத்துக் கணக்கிடுங்கள். நீக்கினால் ஊக்கமுள்ளவர்கள் மட்டும் மிஞ்சி, குலுக்கியதே வீணாகிவிடும்.

மதிப்பெண்களின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து அவை எவ்வளவு சிதறியுள்ளன என்பதன் அளவு) 15 என்றால், 30க்கு 30 ஒப்பீட்டில் சுமார் 11 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ உள்ள வித்தியாசத்தைத்தான் 80% வாய்ப்புடன் கண்டுபிடிக்க முடியும். 5 மதிப்பெண் வித்தியாசத்தைக் காண, குழுவுக்கு 140 பேருக்கு மேல் வேண்டும். முன்தேர்வு மதிப்பெண்ணையும் கணக்கில் சேர்த்தால் இது கணிசமாகக் குறையும்.

காத்திருக்கும் பிள்ளையைப் பெற்றோர் வெளியே டியூஷனில் சேர்க்கலாம்; அப்போது உங்கள் வகுப்பின் பலன் குறைவாகத் தெரியக்கூடும். அதை மாதாமாதம் கேட்டுக் குறித்துவையுங்கள்.