மூலிகைப் பேதிப் பொடியைத் தினமும் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு 47 வயது. ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருக்கிறேன். பல வருடங்களாக மலச்சிக்கல். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய நிலாவரைப் பொடியை இரண்டு வருடமாகத் தினமும் இரவில் வெந்நீரில் கலந்து குடிக்கிறேன். முதலில் அரை ஸ்பூன் போதுமாக இருந்தது, இப்போது ஒன்றரை ஸ்பூன் ஆகிவிட்டது. ஒரு நாள் விட்டாலும் மலம் போவதில்லை. ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் எடுக்கிறேன். மூலிகைதானே, தொடரலாமா? ஆயுர்வேதத்தில் நிரந்தரத் தீர்வு உண்டா? – ஈரோடு வாசகி

ஆயுர்வேத மருத்துவர் பதில்:

தொடர வேண்டாம் அம்மா. நிலாவரை நல்ல மூலிகைதான். திருநெல்வேலிச் சீமையில் விளைவது வெளிநாடுகளுக்கெல்லாம் போகிறது. அலோபதியில் தரும் சென்னா மாத்திரையும் இதே இலையிலிருந்து வருவதுதான். பெருங்குடலைத் தூண்டிவிட்டு மலத்தைத் தள்ளுவது இதன் வேலை. சில நாள் அவசரத்துக்குச் சரி, வருடக்கணக்கில் நீங்களாகவே அளவை ஏற்றிக்கொண்டு போவது சரியல்ல. அடிவயிறு முறுக்கும், பேதியோடு பொட்டாசியம் சத்தும் வெளியேறும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது ஆபத்து.

‘ஒரு நாள் விட்டாலும் போவதில்லை’ என்கிறீர்கள். பேதி மருந்தால் குடல் முழுக்கக் காலியானால், மறுபடி நிறைய இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த இடைவெளியைச் சிக்கல் என்று நினைத்து மறுபடி பொடியைக் குடிக்கிறோம். பொடி இப்படித்தான் பழக்கமாகிறது.

உங்கள் சிக்கலின் வேர் வேலை பார்க்கும் இடத்தில் இருக்கலாம். மலம் வரும் உணர்வை அடக்குகிறீர்களா? அடக்கக் கூடாத வேகங்கள், அதாவது உடலின் இயற்கை உந்துதல்கள், 13 என்று ஆயுர்வேதம் சொல்கிறது, சித்த மருத்துவம் 14 என்கிறது. இரண்டிலும் மலம் உண்டு. அடக்கி அடக்கி வைத்தால் உணர்வே மங்கிப்போகும், மலம் வறண்டு இறுகும். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் வந்தது. ஆனாலும் கழிப்பறைக்குப் போவதற்குத் தயங்கி, தண்ணீரே குடிக்காமல் நாளை ஓட்டும் பெண்களை நான் இன்னமும் பார்க்கிறேன்.

சாப்பிட்டதும் பெருங்குடல் தானாகவே அசையும். காலையில் அந்த அசைவு இன்னும் அதிகம். ஆகவே டிபனைக் கடைக்குக் கட்டிக்கொண்டு போகாமல், கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே வீட்டில் சாப்பிடுங்கள். பிறகு பத்து நிமிடம் கழிப்பறையில் உட்காருங்கள், வந்தாலும் வராவிட்டாலும். முக்க வேண்டாம், செல்போன் வேண்டாம். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் சின்ன ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள். கீரை, வாழைத்தண்டு, கொய்யா, இரவில் ஊறவைத்த உலர் திராட்சை இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நார்ச்சத்தைக் கூட்டித் தண்ணீரைக் கூட்டாவிட்டால் வயிறு கல்லாகிவிடும்.

நிலாவரையை ஒரேயடியாக நிறுத்தாமல், வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்து வாருங்கள். இரவில் கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் கலந்த திரிபலா சூரணம் ஒரு ஸ்பூன் (சுமார் 3 கிராம்) வெந்நீரில் குடிக்கலாம். உற்பத்தி உரிம எண் அச்சிட்ட பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் இடிப்பதானால் கடுக்காயின் கொட்டையை நீக்கிவிடுங்கள், ‘கடுக்காய்க்கு அகநஞ்சு’ என்பார்களே. திரிபலாவில் இருக்கும் துவர்ப்புச் சத்து இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். அதனால் மாத்திரையைக் காலையிலோ மதியமோ வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு மாத்திரையே பலருக்கு மலத்தை இறுக்கும். வேறு வகை தர முடியுமா என்று எழுதித் தந்த டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

திரிபலா தொடங்கும் முன்பே ஒன்றைச் செய்துவிடுங்கள். 47 வயதில் ரத்தசோகை ஏன் வந்தது என்று யாராவது பார்த்தார்களா? மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு காரணமாக இருக்கலாம். குடலில் கசியும் ரத்தமாகவும் இருக்கலாம். குடல் கசிவு இருந்தால் எந்தச் சூரணமும் உதவாது. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பொட்டாசியம் பரிசோதனைகளோடு மலத்தில் மறைந்த ரத்தம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை குறைவு, மலம் போகும் பழக்கத்தில் திடீர் மாற்றம், குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் – இவற்றில் ஒன்று இருந்தாலும் குடல் நோய் நிபுணரிடம் போய்விடுங்கள், அவர் கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை) சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள். வயிறு உப்பி, காற்றும் பிரியாமல், வாந்தியும் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் பேதி மருந்து எதையும் தொடவே கூடாது.