எர்ஃபுர்ட் மசூதி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2024 ஆகஸ்டில் ஜெர்மனியின் சோலிங்கன் நகரத் திருவிழாவில் ஒரு சிரியா அகதி மூன்று பேரைக் குத்திக் கொன்றான். ஒன்பதே நாளில் துரிங்கியா மாநிலத் தேர்தலில் ப்யோர்ன் ஹோக்கே தலைமையில் குடியேற்றத்தை எதிர்க்கும் ஏ.எஃப்.டி. கட்சி 32.8 சதவீதம் வாங்கி முதலிடம் பிடித்தது. குடியேற்றம், இஸ்லாம் பற்றி மக்கள் மனதில் இருப்பதைத்தானே அவர் பேசுகிறார்?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

சோலிங்கனுக்காக மக்கள் கோபப்பட்டதில் எந்தத் தப்பும் இல்லை. அந்தக் கொலைகாரனை, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அவன் முதலில் நுழைந்த நாடான பல்கேரியாவுக்கு 2023லேயே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், அதிகாரிகள் தேடிப் போனபோது ஆள் விடுதியில் இல்லை, அப்புறம் கெடு முடிந்து அப்படியே விட்டுவிட்டார்கள். இதைக் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் ஹோக்கே பேசுவது வேறு. நாங்கள் ஆட்சிக்கு வந்தால் முகம்மது, முஅத்தின் (தொழுகைக்கு அழைப்பவர்), மினாரா மூன்றுக்கும் துருக்கியில் ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிக்கும் பொஸ்போரஸ் நீரிணைதான் எல்லை என்று 2018இல் மேடையில் சொன்னவர் அவர். இதில் குற்றம் செய்தவன், செய்யாதவன் என்ற பேச்சே கிடையாது. 1961இல் ஜெர்மனியே ஒப்பந்தம் போட்டுத் தொழிற்சாலைகளுக்குக் கூப்பிட்ட துருக்கியர்களின் பேரப்பிள்ளைகளும் இதில் அடக்கம். நாஜிகளின் அடியாள் படையான எஸ்.ஏ. முழங்கிய கோஷத்தைக் கூட்டத்தில் சொன்னதற்காக 2024இல் ஹாலே நீதிமன்றம் அவருக்கு 13,000 யூரோ அபராதம் போட்டது. அது எஸ்.ஏ. கோஷம் என்றே தெரியாது என்றார். வரலாற்று ஆசிரியராக வேலை பார்த்தவர் அவர், என்னால் இதை நம்ப முடியவில்லை.

சரி, தலைப்பில் சொன்ன எர்ஃபுர்ட்டுக்கு வருகிறேன். துரிங்கியாவின் தலைநகர். அங்கே அகமதியா முஸ்லிம்கள் ஊர் ஓரத்தில் ஒரு சின்ன மசூதி கட்டக் கிளம்பியதும் ஹோக்கேயின் கட்சி எதிர்ப்புப் பிரச்சாரத்தில் இறங்கியது, யாரோ அந்த மனையில் பன்றி உடலின் துண்டுகளைக் கட்டைகளில் செருகி நட்டுவைத்தார்கள். அகமதியர்கள் யார்? நீங்கள் முஸ்லிம்களே இல்லை என்று 1974இல் பாகிஸ்தான் அரசியல் சட்டத்தைத் திருத்தியே அறிவித்தது, 1984க்குப் பிறகு தங்கள் தொழுகைக்கூடத்தை மசூதி என்று சொன்னாலே அங்கே அவர்களுக்குச் சிறை. மதவெறிக்குத் தப்பி வந்த சமூகம் அது, அவர்களிடமா சோலிங்கனுக்குக் கணக்குக் கேட்பது?

அதே துரிங்கியாவின் யேனா நகரத்தில் வளர்ந்த மூன்று பேர் கொண்ட நவநாஜி கும்பல் 2000 முதல் 2007 வரை பத்துப் பேரைச் சுட்டுக் கொன்றது. அதில் எட்டுப் பேர் துருக்கி வம்சாவளியினர், ஒருவர் கிரேக்கர். கொலைகாரர்கள் யாரென்று தெரியும்வரை போலீஸ் செத்தவர்களின் குடும்பத்தையே பல வருஷம் சந்தேகப்பட்டது. அதற்காக யேனாக்காரர்கள் எல்லோரையும் நாட்டைவிட்டு அனுப்பச் சொல்ல எனக்கு மனம் வராது, உங்களுக்கும் வராது என்றுதான் நினைக்கிறேன்.