நூறு வருடத் தொட்டிக்கட்டு வீட்டை டிக்கெட் வைத்துத் திறந்தால் கட்டுபடி ஆகுமா?

காங்கேயம் பக்கம் தாத்தா கட்டிய, நடுவில் திறந்த முற்றம் (தொட்டி) வைத்த தொட்டிக்கட்டு வீடு, கூடவே சவாரி வண்டி, நெல் கொட்டி வைக்கும் குதிர், ஏர், கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலைச் சால் எல்லாம் இருக்கிறது, அருங்காட்சியகமாக்கி ஆளுக்கு 100 ரூபாய் டிக்கெட் வைத்தால் வீட்டுப் பராமரிப்புச் செலவாவது வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வராதுங்க. டிக்கெட் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும், அவ்வளவுதான். வீட்டைக் காப்பாற்றுவது சாப்பாடும் இட வாடகையும். கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் சேர்த்து 60 பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். மாதம் 24,000 ரூபாய், வருடத்துக்கு 2.88 லட்சம். செலவுப் பக்கம், சுற்றிக் காட்ட ஒரு ஆள், கூட்டித் துடைக்க ஒரு ஆள், இருவருக்கும் மாதம் 30,000 என்றாலே 3.6 லட்சம். ஓடு, சுண்ணாம்பு, மர வேலைக்கு வருடம் ஒன்றரை லட்சம். மின்சாரம் 70,000. டிக்கெட் வாங்க ஆரம்பித்தால் வீட்டு இணைப்பின் மின்கட்டணம் போய் வணிகக் கட்டணம் வரும், இலவச யூனிட்டையும் மறந்துவிட வேண்டியதுதான். காப்பீடு, வரி வகைக்கு 40,000, தோட்டம், மோட்டார், சில்லறைக்கு 60,000. ஆக 6.8 லட்சம். டிக்கெட் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. இத்தனைக்கும் வாரம் 60 பேர் என்பதே தாராளமான கணக்கு. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகும் கூட்டத்தை மனதில் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அவர்களுக்குத் தண்ணீரும் கழிப்பறையும் கொடுங்கள், புண்ணியம். வாடிக்கையாளர் அவர்கள் அல்ல.

உடனே செட்டிநாட்டைக் காட்டுவார்கள். காரைக்குடியில் பங்களா, கானாடுகாத்தானில் விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் எல்லாம் ஓடவில்லையா என்பார்கள். ஓடுகின்றன, ஆனால் தங்கும் விடுதியாக ஓடுகின்றன. அங்கே தெருத் தெருவாக, ஊர் ஊராக வீடுகள் இருக்கின்றன. உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-லேயே அந்த ஊர்கள் ஏறிவிட்டன. ஒருவர் இரண்டு நாள் தங்கிப் பார்க்க விஷயம் உண்டு. நம் பக்கம் வீடு தோட்டத்துக்குள் தன்னந்தனியாக நிற்கும், ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். கோவை அவினாசி சாலையில் இருக்கும் ஜி.டி. கார் அருங்காட்சியகமும் தனியார் முயற்சிதான், ஆனால் அதன் பின்னால் ஒரு அறக்கட்டளையே நிற்கிறது. உங்களுக்கு இருக்கும் வசதி வேறு. கோவை, திருப்பூர், ஈரோடு மூன்றும் ஒன்றரை மணி நேரத்துக்குள். ஞாயிற்றுக்கிழமை மதியம் குடும்பத்தோடு எங்கே போவது என்று தெரியாமல் மால் மாலாகச் சுற்றும் ஜனம் அங்கே ஏராளம். அவர்களுக்கு உங்கள் குதிர், ஏர் எல்லாவற்றையும்விட உங்கள் அரிசிம்பருப்புச் சாதம்தான் முக்கியம்.

எனவே சாப்பாடு. முதல் நாளே பதிவு செய்தவர்களுக்கு மட்டும், ஒரே பட்டியல்: சந்தகையும் (நம் ஊர் இடியாப்பம்) தேங்காய்ப்பாலும், அரிசிம்பருப்புச் சாதம், கொள்ளு ரசம், ஒப்புட்டு (போளி). ஆளுக்கு 450. மாதம் 15 பேர் கொண்ட 8 குழு வந்தால் 54,000. சாமான், சமையல் கூலி, வாழையிலை எல்லாம் போக 45 சதவீதம் நிற்கும், வருடத்துக்குச் சுமார் 2.9 லட்சம். வந்தவர்களுக்கெல்லாம் சோறு என்று ஆரம்பித்தால் மீதியாகிக் குப்பைக்குப் போவதிலேயே அந்த 45 கரைந்துவிடும். சமையலைப் பழைய அடுப்படியில் வைக்காதீர்கள். கேஸ் அடுப்பின் ஆவியும் எண்ணெய்ப் புகையும் கூரை தாங்கும் கைமரத்தில் பிசினாகப் படியும், தீப்பிடித்தால் கூரையோடு போகும். பொடக்காளியில் (கொல்லைப்புறத்தில்) தனிக் கொட்டகை போட்டுக்கொள்ளுங்கள். பழைய அடுப்படியில் சந்தகை பிழிந்து காட்டினால் போதும். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு முதல் நாளே வேண்டும்.

அடுத்தது புகைப்படக்காரர்கள். கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்கு மூன்று மணி நேரம் 4,000 ரூபாய், மாதம் 6 என்றால் வருடத்துக்கு 2.4 லட்சம். 10 மாதத்துக்குத்தான் கணக்கு, ஆடியிலும் மார்கழியிலும் ஆள் வராது. காலை ஆறரை முதல் ஒன்பதரை, மாலை மூன்றரை முதல் ஆறரை என்று இரண்டே வேளை கொடுங்கள். உச்சி வெயில் தொட்டிக்குள் நேராக இறங்கும்போது முகத்தில் நிழல் விழும், படம் நன்றாக வராது, பழி வீட்டின் மேல் வரும். கலர் புகைக் குப்பிக்கும் கலர் பொடிக்கும் தடை போடுங்கள். சுண்ணாம்புச் சுவர் சாயத்தை உறிஞ்சிக்கொண்டால் சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

முழுக் கல்யாணத்துக்கு ஆசைப்படாதீர்கள். நம் ஊர்க் கல்யாணத்துக்கு ஆயிரம் பேருக்குக் குறையாது, ஆசாரமும் (முன்கூடம்) தாவாரமும் (தாழ்வாரம்) சேர்ந்து 150 பேருக்கு மேல் தாங்காது. உப்புச்சக்கரை (சம்பந்தம் உறுதி செய்யும் சடங்கு), நிச்சயம், வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம் மாதிரி சின்ன விசேஷங்கள் போதும். மண்டபம் மாதிரி நடத்தினால் பொதுக் கட்டட உரிமத்துக்குத் தாசில்தார் அலுவலகம், தீயணைப்பு, கழிப்பறை எண்ணிக்கை என்று வேறு உலகம் திறக்கும்.

டிக்கெட், சாப்பாடு, படப்பிடிப்பு மூன்றையும் கூட்டுங்கள். நிகரமாக 8.2 லட்சம் கிடைக்கும். டிக்கெட் பாதியாக விழுந்தாலும் 6.7 லட்சத்துக்கு மேல் நிற்கும், அதாவது செலவுக்குக் கிட்டத்தட்ட சரி. மொத்த வரவு 12 லட்சத்துக்குள் அடங்குவதால், உங்கள் பேரில் வேறு வியாபாரம் இல்லையென்றால், ஜி.எஸ்.டி. பதிவே தேவைப்படாது. சேவைக்கு வரம்பு 20 லட்சம். இவை என் அனுமான எண்கள்தான், உங்கள் ஊர்க் கூலியையும் கூட்டத்தையும் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

சினிமா, சீரியல் வாடகையை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை, கவனித்திருப்பீர்கள். பொள்ளாச்சியும் கோபியும் படப்பிடிப்புக்குப் பேர் போன ஊர்கள். அதனால் லொக்கேஷன் பார்க்கும் ஆட்கள் உங்கள் வீட்டுக்கும் வருவார்கள். ஆனால் எப்போது வருவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தால் அந்தக் காசு முழுவதும் பெரிய மராமத்துக்கான தனிக் கணக்குக்குப் போகட்டும். ஒப்பந்தத்தில் எழுத வேண்டியதை மட்டும் சொல்கிறேன். முதல் வண்டி நுழைவதிலிருந்து கடைசி வண்டி வெளியேறும் வரை வாடகை ஓடும், செட் போடும் நாளுக்குப் பாதி வாடகை. வாடகைக்குச் சமமான தொகை முன்பணம், சேதம் பார்த்த பிறகே திருப்பிக் கொடுப்பது. ஜெனரேட்டர் கேட்டுக்கு வெளியே. தூணில் ஆணி கூடாது. காவித் தரையில் டிராலி தண்டவாளம் போட்டால் அடியில் சணல் சாக்கும் பிளைவுட்டும். மிக முக்கியமாக, சுவருக்குப் பெயிண்ட் அடிக்கக் கூடாது. "முடிஞ்சதும் பழையபடி அடிச்சுக் குடுத்துர்றோம் சார்" என்பார்கள். அடித்துக் கொடுப்பது எமல்ஷன். அது சுவரின் மூச்சை அடைத்துவிடும். கம்பெனிகள் வாடகையில் 10 சதவீதம் வருமான வரியாக (டி.டி.எஸ்.) பிடிப்பார்கள், ரிட்டர்ன் போட்டால்தான் திரும்பும்.

மூச்சு என்று சும்மா சொல்லவில்லை. இந்த வீடுகளுக்கு அஸ்திவாரத்தில் ஈரத் தடுப்பு கிடையாது. நிலத்து ஈரம் சுவரில் ஏறி, சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, உப்பு பூத்து, இரண்டு மூன்று மழைக்காலத்தில் சிமெண்ட் பலகையாகப் பெயர்ந்து விழும். விழும்போது பழைய பூச்சையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு விழும். கொத்தனார் "சுண்ணாம்பெல்லாம் இந்தக் காலத்துல நிக்காதுங்க" என்று சொன்னால் ஆளை மாற்றுங்கள். நீறிய சுண்ணாம்பு இரண்டு வாரமாவது தொட்டியில் ஊறியிருக்க வேண்டும். ஒரு பங்குக்கு இரண்டரை, மூன்று பங்கு சலித்த மணல். கடுக்காயும் வெல்லமும் பத்துப் பதினைந்து நாள் ஊறிப் புளித்த தண்ணீர். பூசிய பிறகு ஈரச் சாக்குப் போட்டு ஒரு வாரம், பத்து நாள் நனைக்க வேண்டும். சித்திரை வெயிலில் பூசினால் இழுத்துக்கொண்டு வெடிக்கும்.

ஆனால் சுவருக்கும் முன்னால் கூரை. கையில் பணம் இருந்தால் முதல் ரூபாய் அங்கேதான் போக வேண்டும், வரவேற்புப் பலகைக்கும் செல்ஃபி மூலைக்கும் அல்ல. உச்சி நேரத்தில் கதவு ஜன்னலை அடைத்துவிட்டு அண்ணாந்து பாருங்கள். வெளிச்சம் ஊசியாக இறங்கும் இடத்துக்கெல்லாம் நேர் கீழே தரையில் சாக்பீஸால் குறி போடுங்கள், ஓடு மாற்றுபவருக்கு அதுதான் வரைபடம். ஆனி முடிவதற்குள் ஒருமுறை, ஏனென்றால் ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து ஓட்டு விளிம்பைத் தூக்கும். ஐப்பசி மழைக்கு முன் இன்னொருமுறை. மங்களூர் ஓடு என்றால் 100 சதுர அடிக்குச் சுமார் 150 பிடிக்கும். 3,000 சதுர அடிக் கூரைக்கு 4,500. அதே அச்சில் 200, 250 பழைய ஓடு வாங்கி அடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறு கம்பெனி ஓடு கொக்கியில் சரியாக உட்காராது. நம் பக்கம் மயில் வேறு. கூரையில் வந்து இறங்கினாலே இரண்டு ஓடு நகரும், அடித்து விரட்டச் சட்டமும் இடம் கொடுக்காது.

தொட்டியின் நான்கு மூலையிலும் இரண்டு சரிவு சேரும் இடத்தில் தகரம் போட்டிருப்பார்கள். அது அடிப்பக்கம்தான் துருப்பிடிக்கும், மேலே நின்று பார்த்தால் தெரியாது. அங்கே ஒழுகும் நீர் நேராகத் தூண் தலைக்குத்தான் போகும். தொட்டித் தூம்பு (தண்ணீர் வெளியேறும் வழி) நாலு அங்குலத்துக்குக் குறையாமல், வலையோடு இருக்கட்டும். இலை அடைத்தால் ஒரே மழையில் ஆசாரம் குளமாகும். மச்சு (மாடி) இருந்தால், சுவருக்குள் புகும் கட்டை முனைகளைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் உள்ளே இற்றுப்போயிருக்கிறது, பொறியாளர் பார்க்கும் வரை யாரையும் மேலே ஏற்றாதீர்கள். நன்றாக இருந்தாலும் ஒரு நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். சேந்துகிணற்றுக்கு இரும்புக் கம்பி வலை கட்டாயம்.

அறை வாடகைக்கு விடுவதை மூன்றாம் வருடத்துக்குத் தள்ளுங்கள். பழைய சுவரைக் குடைந்து குளியலறைக் குழாய் ஓட்டுவதுதான் இத்தகைய வீடுகளைக் கொல்கிறது. கழிப்பறை, குளியலறை எல்லாம் பழைய மாட்டுக் கொட்டகைப் பக்கம் தனியாகக் கட்டுங்கள். நீங்களே குடியிருந்தால் 6 அறை வரை, மத்திய சுற்றுலாத் துறையின் வீட்டுத் தங்கல் திட்டத்தில் பதியலாம்.

இவ்வளவும் பத்திரம் சரியாக இருந்தால்தான். தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டி உயில் எழுதாமல் போயிருந்தால், 1956 வாரிசுச் சட்டப்படியே அத்தைமாருக்குப் பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தானால் 1989 மாநிலத் திருத்தம், 2005 மத்தியத் திருத்தம், 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் மகள்கள் பக்கம். வீடு பாழாகக் கிடக்கும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். முதல் சினிமா வாடகை வந்தது தெரிந்ததும் வக்கீல் நோட்டீஸ் வரும். எல்லாரும் கையெழுத்திட்டுக் குடும்ப எல்.எல்.பி.க்கு (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனம்) 15, 20 வருடக் குத்தகை கொடுத்துவிடுங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். மில்காரர்களிடமும் ஏற்றுமதியாளர்களிடமும் சமூகப் பொறுப்பு நிதி கேட்கலாம் என்று சிலர் சொல்வார்கள். 2013 கம்பெனிச் சட்டம் பாரம்பரியக் கட்டடங்களுக்கு அதை அனுமதிக்கிறது, ஆனால் பதிவு பெற்ற அறக்கட்டளை மாதிரியான அமைப்புக்குத்தான், உங்கள் சொந்த வீட்டுக்கு அல்ல. அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்தால் வீடு திரும்பி வராது. அதற்குக் குடும்பம் தயாரா என்று பேசிவிட்டு அந்தப் பக்கம் போங்கள். வீட்டுக் காப்பீட்டையும் மாற்ற வேண்டும். பாரத் கிரஹ ரக்ஷா என்ற பாலிசி குடியிருக்கும் வீட்டுக்கானது, வணிகம் நடக்கும் இடத்தில் தீ விபத்து என்றால் கம்பெனி கையை விரிக்கும்.

பாரம்பரியத்தைக் காசாக்குகிறாயா என்று கீழே யாராவது எழுதுவார்கள். எழுதட்டும். அவர்கள் ஓடு மாற்றித் தரப்போவதில்லை. நம் ஊரில் ஜீப்புக்கு ஜீப் காங்கேயம் காளை ஸ்டிக்கர் இருக்கிறது, கட்டுத்தறியில் ஒரு காளை கட்டியிருப்பவரைத் தேட வேண்டியிருக்கிறது. ஆசாரத்துத் தேக்குக் கதவையும் கல் தூணையும் வந்த விலைக்கு விற்றுவிட்டு, அதே கதவு போட்ட ரிசார்ட்டில் போய் ராத்திரிக்கு 12,000 கொடுத்துப் படுத்துவிட்டு வருகிறோம். திறக்கப்போகிறீர்கள் என்று தெரிந்தால் உங்களிடமும் கதவுக்கு விலை கேட்டு ஆள் வரும். அதற்குள் கதவு, தூண், பாத்திரம், வண்டி எல்லாவற்றையும் எண் போட்டு, அளவெடுத்து, படம் பிடித்து ஒரு பதிவேடு போட்டுவிடுங்கள். காப்பீட்டுக்கும் அதுதான் ஆதாரம். பின்னாளில் ஜி.எஸ்.டி. பதிவு எடுக்க வேண்டி வந்தால், அருங்காட்சியக நுழைவுக் கட்டணத்துக்கு உள்ள வரி விலக்கைக் கேட்கவும் அது உதவும்.

ஆனிக்குள் ஓடு, ஐப்பசிக்குள் தூம்பும் தகரமும், மழை ஓய்ந்ததும் சுண்ணாம்பு. தை பிறந்ததும் சாப்பாட்டுக்கு மட்டும் திறங்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும், 20 இலை. டிக்கெட் பலகையை அடுத்த வருடம் மாட்டிக்கொள்ளலாம்.