முள் நடுவில் நின்றது, எஞ்சின் எப்படிச் சூடானது?

காசிமேட்டு வாசகர் ஒருவரின் கேள்வி: "அண்ணே, மர விசைப்படகு வைத்திருக்கிறேன். ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின், 24 வோல்ட். போன சீசனில் நடுக்கடலில் எஞ்சின் சூடேறி ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. அந்த நேரத்திலும் டெம்பரேச்சர் முள் நடுவில்தான் இருந்தது. ராத்திரி டெக் லைட் போட்டால் எல்லா முள்ளும் ஆடுகிறது. இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் மீட்டர், சென்சார் எல்லாம் புதிதாகப் போடலாம் என்று இருக்கிறேன். என்ன வாங்க வேண்டும், எப்படி வயரிங் செய்ய வேண்டும்?"

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கையில் இருக்கிறது. எஞ்சினில் தண்ணீர் இறக்கும் சமயம்தான் இந்த வேலைக்குச் சரியான சமயம். ஆனால் மீட்டர் வாங்க இப்போதே பாரிமுனைக்குக் கிளம்ப வேண்டாம். லைட் போட்டதும் முள் ஆடுகிறது என்றால் எர்த்தில், அதாவது மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதையில், கோளாறு இருக்க அதிக வாய்ப்பு. அதைச் சரிசெய்யாமல் புது மீட்டர் மாட்டினால், புது மீட்டரும் பொய்தான் சொல்லும்.

சோதித்துப் பார்த்துவிடுங்கள். டெக் லைட், வயர்லெஸ், எக்கோ சவுண்டர் (ஆழம் பார்க்கும் கருவி) எல்லாவற்றையும் ஆன் செய்துவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை வீல் ஹவுஸில் மீட்டரின் எர்த் முனையிலும், மற்றதை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.2-ஐத் தாண்டினால் அந்தப் பாதையில் எங்கோ உப்பு அரித்த இணைப்பு இருக்கிறது. லைட்டும் மீட்டரும் ஒரே கறுப்பு வயரில் திரும்புவதுதான் பெரும்பாலும் காரணம். மீட்டர்களுக்குத் தனி எர்த் வயர், லைட்டுகளுக்குத் தனி வயர் என்று பிரித்து, இரண்டையும் பேட்டரி நெகட்டிவ் வரை கொண்டுபோங்கள். எஞ்சின் பிளாக்கிலிருந்து பேட்டரிக்குப் போகும் தடித்த கேபிளையும் கழற்றி, லக்கையும் (கேபிள் முனையிலுள்ள உலோக வளையம்) பிளாக்கில் அது உட்காரும் இடத்தையும் பளபளவென்று தேய்த்து மாட்டுங்கள்.

இனி, முள் ஏன் நடுவிலேயே நின்றது என்பதற்கு வருகிறேன். நம் படகுகளில் பொதுவாக இருக்கும் டெம்பரேச்சர் சென்சார், சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகை. பரவலாகக் கிடைக்கும், 120 டிகிரி வரை அளக்கும் வகையில் 40 டிகிரியில் 290 ஓம் அளவில் இருக்கும். 100 டிகிரியில் 40 ஓமுக்கும் கீழே வந்துவிடும். ஒற்றை வயர் சென்சாருக்கு அதன் மரைதான் எர்த். மரையில் துருவோ டெஃப்லான் டேப்போ இருந்தால் அங்கே கூடுதல் தடை சேரும். தடை கூடினால் மீட்டருக்கு அது 'எஞ்சின் குளிர்ச்சியாக இருக்கிறது' என்றுதான் பொருள்.

ஆயில் பிரஷரில் இது இன்னும் ஆபத்து. 10 முதல் 180 ஓம் வரை உள்ள வகையில் அழுத்தம் கூடினால் தடையும் கூடும். அதனால் துருப்பிடித்தால் பிரஷர் அதிகமாகத் தெரியும். வயரே அறுந்தால் முள் உச்சிக்குப் போய் நிற்கும். அறுந்த வயரைப் பார்த்து 'பிரஷர் பிரமாதம்' என்று டிரைவர் நினைத்துக்கொள்வார். 240-லிருந்து 33 ஓமுக்கு இறங்கும் வேறு வகையும் உண்டு; அது நேர் எதிராகக் காட்டும். எனவே மீட்டரும் சென்சாரும் ஒரே ஓம் கணக்கில் ஜோடியாக வாங்கியே ஆக வேண்டும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்" என்றால் வேறு கடை பாருங்கள்.

எஞ்சின் சூடானதை முள் காட்டாததற்கு இன்னொரு சாத்தியமும் இருக்கிறது. சென்சார் தண்ணீரில் முங்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் இறங்கிவிட்டால் அது வெறும் காற்றில் தொங்கும், முள் ஏறாது. ஆகவே முள்ளை மட்டும் நம்பாமல், எஞ்சின் தண்ணீரைக் குளிர்விக்கும் கடல்நீர் பக்கம் தனியாக ஒரு காவல் தேவை. துறைமுகத்துக்குள் பிளாஸ்டிக் பை ஸ்ட்ரெய்னரை (கடல்நீர் வடிகட்டி) அடைப்பதையும், பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் பிய்வதையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடல்நீர் பைப்பில், ஓட்டம் நின்றால் காட்டிக்கொடுக்கும் ஒரு ஃப்ளோ சுவிட்சும் பஸ்ஸரும் வையுங்கள். கடல்நீர் கலந்து வெளியேறும் புகைக்குழாயாக இருந்தால், ரப்பர் ஹோஸ் மேல் கட்டும் வெப்ப அலாரம் போதும். கடல்நீர் நின்றால் முதலில் சுடுவது அந்த ஹோஸ்தான். என்னைக் கேட்டால், மூன்று புது மீட்டருக்குக் கொடுக்கும் பணத்தில் முதலில் இதைத்தான் வாங்குவேன்.

ஆயில் பிரஷருக்கு மீட்டர் மட்டும் போதாது, தனி பிரஷர் சுவிட்சும் பஸ்ஸரும் வேண்டும். சாவி போட்டதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன், பஸ்ஸர் கத்த வேண்டும். கத்தாவிட்டால் வயரோ சுவிட்சோ போய்விட்டது என்று கரையிலேயே தெரிந்துவிடும். சத்தம் எரிச்சலாக இருக்கிறது என்று சிலர் பஸ்ஸர் வயரைப் பிடுங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

கனமான பிரஷர் சென்சாரை பித்தளை 'T' இணைப்பில் நேராக எஞ்சினில் தொங்கவிட்டால் அதிர்வில் கழுத்து ஒடியும், ஆயில் முழுக்க வெளியேறும். வீட்டிலேயே சிறு விமானம் கட்டுகிறவர்களும் இதே பயத்தால்தான் சென்சாரை எஞ்சினிலிருந்து பிரித்துத் தடுப்புச் சுவரில் பொருத்தி, ஆயிலை ஹோஸ் வழியாகக் கொண்டுவருகிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். சென்சார் எஞ்சினில் இல்லாததால் அதன் உடலிலிருந்து பிளாக்குக்குத் தனி எர்த் வயர் இழுக்க மறக்க வேண்டாம். (இரும்புப் படகு வைத்திருப்பவர்களுக்கு: இரண்டு முனை உள்ள, உடல் எர்த் ஆகாத சென்சாராக வாங்குங்கள். கசியும் மின்சாரம் இரும்பை அரிக்கும்.)

வயருக்கு, வீட்டு வயரிங்கில் மிச்சமான ஒற்றைக் கம்பி வயர் வேண்டவே வேண்டாம். அதிர்வில் உள்ளே முறிந்துவிடும். ஈயம் பூசிய, பல இழைச் செம்பு வயர் 1.5 சதுர மில்லிமீட்டரில் வாங்குங்கள். முறுக்கி டேப் சுற்றுவதற்குப் பதில், லக்கை கிரிம்ப் செய்து (கருவியால் நசுக்கி இறுக்கி), உள்ளே பசை உள்ள, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். 45 சென்டிமீட்டருக்கு ஒரு கிளிப். செல்ஃப் மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டாதீர்கள், புகைக்குழாய் பக்கமும் போகக் கூடாது. மீட்டர் லைனுக்கு 5 ஆம்ப் ஃப்யூஸ், பேட்டரிக்கு அருகிலேயே.

புகை வெப்பத்தையும் பார்க்க ஆசை இருந்தால் கே டைப் தெர்மோகப்பிள் (இரு உலோகக் கம்பிகளால் அதிக வெப்பத்தை அளக்கும் சென்சார்) போடலாம். அதை மட்டும் சாதாரணச் செம்பு வயரால் நீட்டாதீர்கள், அளவு தவறும். அதே வகை எக்ஸ்டென்ஷன் வயர் கேளுங்கள். அமெரிக்க நிற முறையில் சிவப்புதான் நெகட்டிவ், மாற்றி மாட்டிவிடாதீர்கள்.

மாட்டுவதற்கு முன் டெம்பரேச்சர் சென்சாரை வெந்நீரில் வைத்து ஓம் பாருங்கள். மாட்டியபின் சென்சார் வயரைக் கழற்றினால் டெம்பரேச்சர் முள் கீழே இறங்க வேண்டும், பிளாக்கில் தொட்டால் மேலே ஏற வேண்டும். பிறகு ஜெட்டியில் கட்டியபடியே எல்லா லைட்டும் போட்டு எஞ்சினை ஓட்டி, வழக்கமான ஆர்பிஎம்மில் ஒவ்வொரு முள்ளும் எங்கே நிற்கிறது என்று மார்க்கரால் கண்ணாடியில் கோடு போட்டு, டிரைவரிடம் காட்டிவிடுங்கள்.